மாடித் தொட்டிக்கு எந்த மைக்ரோகன்ட்ரோலர்?

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, கீழே போர் மோட்டார். தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவர் நனைந்த பிறகுதான் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது நினைவுக்கு வரும். எலெக்ட்ரானிக்ஸில் கை வைக்கத் தொடங்குகிற பலரும் முதலில் செய்து பார்க்க நினைப்பது இதற்கொரு தானியங்கி ஏற்பாட்டைத்தான். உடனே ஒரு கேள்வி வந்து நிற்கும்: எந்த போர்டு வாங்குவது?

தேடினால் ஒப்பீட்டுப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். கடிகார வேகம் ஆர்டுயினோ யூனோ போர்டுக்கு 16 மெகாஹெர்ட்ஸ், ராஸ்பெரி பை பிக்கோ 133, இஎஸ்பி32 என்றால் 240. பட்டியலைப் பார்த்ததும் கண் தானாகப் பெரிய எண்ணுக்குப் போகிறது. ஆனால் ஆயிரம் லிட்டர் தொட்டி சட்டென்று நிரம்பிவிடாது. விநாடிக்கு ஒருமுறை மட்டத்தைப் பார்த்தாலே தாராளம். அந்த ஒரு விநாடிக்குள் யூனோவின் கடிகாரம் 1 கோடியே 60 லட்சம் தடவை துடித்துவிடும். அதில் பெரும்பகுதி சும்மா காத்திருப்பதிலேயே போகும். நான் பார்த்தவரை, வீட்டில் செய்கிற கருவிகள் வேகம் போதாமல் தோற்பது மிகவும் குறைவு. மின்சாரம், வோல்டேஜ், ரேம், பின்கள் ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில்தான் மாட்டிக்கொள்கின்றன. அதனால் சிப்பிலிருந்து தொடங்காமல் வேலையிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன் இரண்டு வார்த்தை. மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சிப்புக்குள் அடங்கிய சிறிய கணினி. புரோகிராமை வைத்திருக்கும் ஃபிளாஷ், வேலை நடக்கும்போது பயன்படும் ரேம், டைமர்கள், வெளியுலகைத் தொடும் பின்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும். இந்த வகையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்1000 சிப் 1974-இல் சந்தைக்கு வந்தது. இன்டெல்லின் 8051 வந்தது 1980-இல். அதில் இருந்த ரேம் 128 பைட், புரோகிராமுக்கு 4 கிலோபைட். நம் பொறியியல் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருப்பது அந்த 8051-தான். அதைப் படித்தது வீண் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். டைமர் என்றால் என்ன, இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அவசர அழைப்பு) வந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ரெஜிஸ்டர் ரெஜிஸ்டராகப் பார்த்தவருக்கு வேறெந்த சிப்பின் விவரக் கையேடான டேட்டாஷீட்டும் பயம் காட்டாது. ஆனால் புதிதாக ஒரு கருவி செய்ய அதை எடுக்க வேண்டியதில்லை. பழைய 8051 ஒரு இயந்திரச் சுற்றை முடிக்க 12 கடிகாரத் துடிப்புகளை எடுத்துக்கொள்ளும். யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி பெரும்பாலான கட்டளைகளை ஒரே துடிப்பில் முடித்துவிடும்.

சரி, தொட்டிக்கு வருவோம். இது ஒரே வேலை போலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு வேலைகள். மாடியில் மட்டத்தை அளக்க வேண்டும். கீழே மோட்டாரை இயக்க வேண்டும். மாடியில் பிளக் பாயிண்ட் இருக்காது, பேட்டரிதான். கீழே மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. இந்த ஒரு வேறுபாடே இரண்டு இடத்துக்கும் வேறு வேறு விதமாக யோசிக்க வைக்கிறது.

மாடியை முதலில் எடுத்துக்கொள்வோம். இஎஸ்பி32 சிப்பின் டேட்டாஷீட்டில் ஆழ்தூக்க நிலையில் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர் என்று இருக்கும். அதை நம்பி, கடையில் கிடைக்கும் சாதாரண டெவலப்மென்ட் போர்டை வாங்கி 1500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் மாட்டினால் ஒரு வாரத்துக்குள் பேட்டரி காலியாகிவிடும். ஏன்? தூங்குவது சிப் மட்டும்தான், போர்டு தூங்கவில்லை. போர்டில் வோல்டேஜைச் சீராக்க இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், தான் உயிரோடு இருப்பதற்கு மட்டுமே சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுக்கும். சிவப்பு பவர் எல்இடி கொஞ்சம், யுஎஸ்பியைச் சீரியலாக (ஒவ்வொரு பிட்டாகத் தகவல் அனுப்பும் முறை) மாற்றும் சிப் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1500-ஐ 10-ஆல் வகுத்தால் 150 மணி நேரம், அதாவது ஆறு நாள். பேட்டரியில் ஓட வேண்டிய கருவி என்றால் சிப்பின் டேட்டாஷீட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். போர்டைத் தூங்க வைத்து, மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை, பின்னால் மாதக்கணக்கில் மிச்சம்.

தீர்வு கடினமில்லை. போர்டை விட்டுவிட்டு வெறும் இஎஸ்பி32 மாட்யூலை எடுத்து, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லிலிருந்து நேரடியாக ஓட்டலாம். அந்த மாட்யூலுக்கு வேண்டியது 3.0 முதல் 3.6 வோல்ட், சார்ஜ் ஏறி அமைதியாக இருக்கும் அந்த வகை செல் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ரெகுலேட்டரே தேவைப்படாது. சாதாரண லித்தியம் அயான் செல் நிரம்பும்போது 4.2 வோல்ட் வரை போகும் என்பதால் அதை இப்படி நேராக மாட்டக்கூடாது.

அடுத்தது, விழித்திருக்கும் நேரம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, வீட்டு வைஃபையில் இணைந்து, மட்டத்தை அனுப்பிவிட்டுத் தூங்குகிறது என்று வைப்போம். ரூட்டரைத் தேடி இணைய 3 விநாடி, அப்போது சராசரியாக 100 மில்லி ஆம்பியர். 300 விநாடிக்கு 3 விநாடி என்றால் சராசரி 1 மில்லி ஆம்பியர். பேட்டரி இரண்டு மாதம் வரும். இதே சிப்பில் இதைத் தயாரிக்கும் எஸ்ப்ரெஸ்ஸிஃப் நிறுவனமே தந்திருக்கும் இஎஸ்பி-நவ் என்ற வழி உண்டு. ரூட்டரே வேண்டாம், ஒரு இஎஸ்பி இன்னொரு இஎஸ்பிக்கு நேராக ஒரு சின்னத் தகவலை வீசிவிட்டுத் தூங்கப் போய்விடும். விழித்திருக்கும் நேரம் 0.3 விநாடி என்று வைத்தால் சராசரி பத்தில் ஒன்றாகிவிடுகிறது. தூக்கத்தில் செலவாவதையும் சேர்த்தே கணக்கில் ஒன்றரை வருடம் வருகிறது. பேட்டரியின் தானாகக் குறையும் குணத்தால் நடைமுறையில் கொஞ்சம் குறையலாம். பாருங்கள், சிப்பை மாற்றவே இல்லை, பேசும் விதத்தை மட்டும் மாற்றினோம்.

தொட்டி வீட்டு மாடியில் இல்லாமல் தோட்டத்தில், அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? அங்கே வைஃபையும் எட்டாது, இஎஸ்பி-நவ்வையும் நம்ப முடியாது. குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும் லோரா ரேடியோ மாட்யூல்தான் பொருத்தம். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் அந்த அலைவரிசைக்கான மாட்யூலைக் கேட்டு வாங்குங்கள். லோரா வந்துவிட்டால் இஎஸ்பிக்குள் இருக்கும் வைஃபைக்கு வேலையில்லை. அப்போது பழைய ஏடிமெகா328பி மீண்டும் நல்ல தேர்வாகிறது. 3 வோல்ட்டில் வாட்ச்டாக் என்ற காவல் டைமரை மட்டும் விழிக்க விட்டுத் தூங்கும்போது அது எடுப்பது சுமார் 4 மைக்ரோ ஆம்பியர்தான். சிலர் சிம்800எல் ஜிஎஸ்எம் மாட்யூலை மாட்டி எஸ்எம்எஸ் அனுப்ப வைப்பார்கள். அது 2ஜி மட்டுமே தெரிந்த மாட்யூல். ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் ரெகுலேட்டர் அதைத் தாங்காது.

சென்சாரிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் எச்.சி.-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் 5 வோல்ட்டில் ஓடுகிறது. அதன் எக்கோ பின் 5 வோல்ட்டையே திருப்பித் தரும். யூனோவுக்கு அது இயல்பானது. இஎஸ்பி32, பிக்கோ இரண்டும் 3.3 வோல்ட் சாதனங்கள். அவற்றின் பின்னில் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் சில நாள் ஓடவும் கூடும், அதுதான் ஏமாற்றும். நடுவில் 1 கிலோஓம், 2 கிலோஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரித்தால் 3.3 வோல்ட்டாக இறங்கிவிடும். ஒரு ரூபாய்ச் செலவு. தொட்டிக்குள் ஈரம் ஏறும் என்பதால் நீர்புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வகைதான் நல்லது. அதற்கு முன்னால் சுமார் 20 சென்டிமீட்டர் தூரம் குருட்டுப் பகுதி. தொட்டி நிறையும் மட்டத்துக்கு அதைவிட உயரத்தில் மாட்டினால்தான் நிரம்பியது தெரியும்.

கீழே, மோட்டார் பக்கம் கதை வேறு. இங்கே மின்சாரச் செலவு பிரச்சினையே இல்லை. மாடியிலிருந்து வரும் இஎஸ்பி-நவ் செய்தியைக் கேட்க வேண்டும் என்பதால் இன்னொரு இஎஸ்பி போர்டு தேவை. சாதாரண டெவலப்மென்ட் போர்டே போதும். கவனிக்க வேண்டியது, மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சான ரிலேயை எந்தப் பின்னில் மாட்டுகிறோம் என்பது. இஎஸ்பி32-இல் 0, 2, 5, 12, 15 ஆகிய பின்களை சிப் உயிர்பெறும் கணத்தில் தன் சொந்த வேலைக்குப் பார்க்கும். 5, 15 இரண்டுக்கும் உள்ளேயே புல்-அப் (பின்னை ‘ஹை’ நிலைக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) இருப்பதால் அங்கே ரிலே மாட்டினால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் ரிலே டக்கென்று ஒரு அடி அடிக்கக்கூடும். விளக்கு என்றால் பரவாயில்லை, மோட்டார் என்றால் அப்படி விட முடியாது. 12-ஆம் பின்னை யாராவது மேலே இழுத்து வைத்திருந்தால் போர்டு பூட் ஆகாமலே நிற்கும். 6 முதல் 11 வரை ஃபிளாஷோடு இணைந்தவை, தொடவே கூடாது. 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும். பட்டியலில் 34 பின் என்று போட்டிருக்கும். இப்படிக் கழித்துப் பார்த்தால் கவலையின்றிப் பயன்படுத்தக்கூடியவை அதில் பாதி தேறினால் அதிகம். போர்டு வாங்குமுன் அதன் பின் படத்தை வைத்துக்கொண்டு, உங்களுக்கு வேண்டிய ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பின்னைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தச் சின்ன நீல ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மோட்டாரை நேராக அதில் மாட்டிவிடாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு. ரிலே, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ஸ்விட்சான கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். கான்டாக்டர் சுருள் விடுபடும்போது எழும் மின் இரைச்சலில் மைக்ரோகன்ட்ரோலர் உறைந்துபோவதும் உண்டு. வாட்ச்டாக் டைமரை இயக்கி வைத்தால் உறைந்தவுடன் தானே மீண்டும் தொடங்கும். ஏறக்குறைய எல்லா மைக்ரோகன்ட்ரோலரிலும் அது இருக்கிறது; பயன்படுத்துவோர் குறைவு. 230 வோல்ட் பக்கத்து வயரிங்கை, தெரிந்த எலெக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள்.

இதுவரை ரேமைப் பற்றிப் பேசவில்லை. தொட்டிக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் வேறொரு கருவியில் நான் ஒரு மாதம் தடுமாறியது ரேமால்தான். பால் வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்டி கார்டில் எழுதி, சின்ன ஓஎல்இடி திரையில் காட்டும் கருவி. யூனோவில் செய்தேன். ஏற்றும்போது மென்பொருள் 44 சதவீத ரேம் மட்டுமே செலவு என்று சொன்னது. மேசையில் நன்றாக ஓடியது. குளிர்பெட்டியில் வைத்தால் சில மணி நேரத்தில் திரை பாதியில் நின்று போகும். சில நேரம் கார்டில் கோப்பே இருக்காது. குளிரால் வயர் சுருங்கி இணைப்பு விடுகிறது என்று நினைத்துச் சால்டரிங்கை மூன்று முறை மாற்றிச் செய்தேன்.

காரணம் வயரில் இல்லை. யூனோவில் மொத்த ரேம் 2048 பைட். 44 சதவீதம் என்றால் சுமார் 900 போய்விட்டது. அதில் எஸ்டி கார்டுக்கான லைப்ரரி (தயாராக எழுதிக் கிடைக்கும் புரோகிராம் தொகுப்பு) தற்காலிகச் சேமிப்புக்கு எடுக்கும் 512 பைட் பஃபர் அடக்கம். 128-க்கு 64 புள்ளிகள் கொண்ட திரைக்கு, புள்ளிக்கு ஒரு பிட் வீதம் 1024 பைட் வேண்டும். நான் பயன்படுத்திய திரை லைப்ரரி அந்த 1024-ஐ ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்டு வாங்கும். அதனால் ஏற்றும்போது வந்த கணக்கில் அது வரவே இல்லை. இரண்டையும் கழித்தால் மிஞ்சியது 120 பைட் சொச்சம். அதற்குள்தான் ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் தற்காலிகக் கணக்குகளை வைத்துக்கொள்ள வேண்டும், கோப்பைத் திறக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, யார் இடத்தை யார் அழித்தார்கள் என்றே தெரியாமல் எல்லாம் கலைந்தது. யூனோவில் இன்னொரு பழக்கமும் உண்டு: சீரியலில் அச்சிடும் வாசகங்களை, தனியாகச் சொல்லாவிட்டால், அது ரேமில் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அவற்றை ஃபிளாஷிலேயே இருக்கச் சொன்னதும் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. பிறகு 2023-இல் வந்த யூனோ ஆர்4-க்கு மாறினேன். அதே அளவு, அதே 5 வோல்ட், ரேம் 32 கிலோபைட். கருவி அதற்குப் பிறகு நிற்கவில்லை. திரை, எஸ்டி கார்டு, இணையம் மூன்றில் இரண்டு சேர்ந்தாலே 2 கிலோபைட் ரேமை நான் இப்போது தேர்ந்தெடுப்பதில்லை. பிக்கோவில் 264 கிலோபைட், இஎஸ்பி32-இல் 520. இந்த இடத்தில் பெரிய எண்ணுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

பிக்கோவைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல உதாரணம் வண்ண எல்இடி சரங்கள். டபிள்யூஎஸ்2812 வகை எல்இடிகளுக்கு ஒரே கம்பியில், ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி என்ற கணக்கில் தகவல் போக வேண்டும். யூனோ இதைச் செய்யும்போது இன்டரப்ட்களை எல்லாம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் செய்யும். 300 எல்இடி என்றால் ஒவ்வொரு முறையும் 9 மில்லி விநாடி அது காது கேளாமல் இருக்கும். அந்த நேரத்தில் சீரியலில் வருகிற எழுத்துகள் தொலையும். 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்த பிக்கோவின் ஆர்பி2040 சிப்பில் பிஐஓ என்ற சிறு இயந்திரங்கள் தனியாக இருக்கின்றன. இந்த மாதிரி நேரக் கணக்கை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டால் பிராசசர் கோர்கள் இரண்டும் வேறு வேலை பார்க்கலாம். மைக்ரோபைத்தானில் எழுதவும் பிக்கோ வசதியானது. பைத்தான் தெரிந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் இதைத்தான் கையில் கொடுப்பேன். ஆனால் அனலாக் உள்ளீடு மூன்றுதான் வெளியே கிடைக்கும். யூனோவில் ஆறு. இஎஸ்பி32-இல் பதினெட்டு என்று எழுதியிருந்தாலும், வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசியின் (அனலாக் வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) பின்கள் கைகொடுக்காது, அளவீடும் நேர்கோட்டில் இருக்காது. துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் எந்த போர்டாக இருந்தாலும் வெளியே தனி ஏடிசி சிப் ஒன்றை வைத்துவிடுவது நிம்மதி.

ப்ளூ பில் என்று அழைக்கப்படும் எஸ்டிஎம்32 போர்டைப் பலர் ஆசையாக வாங்குகிறார்கள். எஸ்டிஎம்32எஃப்103 சிப், 72 மெகாஹெர்ட்ஸ், 20 கிலோபைட் ரேம். தொழிற்சாலைக் கருவிகளில் வேலைக்குப் போக நினைப்பவர் கட்டாயம் பழக வேண்டிய குடும்பம். ஆனால் மலிவான ப்ளூ பில்லில் நகல் சிப் வருவது சகஜம். டீபக் செய்யும், அதாவது பிழை தேட உதவும், மென்பொருள் சிப்பின் அடையாள எண்ணைப் படித்து, எதிர்பார்த்தது இதுவல்ல என்று இணைய மறுக்கும். யுஎஸ்பி இணைப்பில் 1.5 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோஓம் போட்டிருப்பதும் உண்டு. கணினி போர்டையே கண்டுகொள்ளாது. தொடங்குபவர் தன் புரோகிராமில் தவறு என்று நினைத்து மனம் விட்டுப் போவார். எஸ்டிஎம்32 கற்க வேண்டுமென்றால் எஸ்டி நிறுவனத்தின் சொந்த நியூக்ளியோ போர்டை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் டீபக்கரும் அதிலேயே இருக்கிறது. ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்கலாம்.

இப்போது எங்கே பார்த்தாலும் ரிஸ்க்-ஃபைவ் என்ற பெயர் கேட்கிறது. 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறந்த கட்டளைத் தொகுப்பு அது. யாரும் உரிமக் கட்டணமின்றி அதில் சிப் வடிவமைக்கலாம். சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர் திட்டம் இதில்தான் நிற்கிறது. நம் மேசைக்கு அது வேறு வழியாக ஏற்கெனவே வந்துவிட்டது: இஎஸ்பி32-சி3 ரிஸ்க்-ஃபைவ்தான், பிக்கோ 2-இன் சிப்பிலும் அந்தக் கோர்கள் உண்டு. ஆர்டுயினோவில் எழுதுபவருக்கு உள்ளே எந்தக் கோர் என்பது பெரும்பாலும் தெரியக்கூடத் தெரியாது. அதற்காக மட்டும் சிப் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

தேர்வில் நான் மிகவும் மதிப்பது கடைசியாகச் சொல்லும் இதைத்தான்: அந்த சிப்புக்கு, உங்களுக்கு வேண்டிய சென்சாரின் லைப்ரரி ஓடிப் பார்த்திருக்கிறதா, போர்டு கெட்டால் பக்கத்தில் கிடைக்குமா. 2021 சிப் தட்டுப்பாட்டின்போது எஸ்டிஎம்32 சிப்புகள் விலை பல மடங்கு ஏறியும் கிடைக்கவில்லை. அதை நம்பி வடிவமைத்தவர்கள் போர்டையே மாற்றி வரைய வேண்டியிருந்தது. சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நடந்து போய் வாங்கிவர முடிகிற சிப்புக்கும், வெளிநாட்டிலிருந்து மூன்று வாரம் காத்திருந்து வாங்குகிற சிப்புக்கும் உள்ள வித்தியாசம், தொட்டி காலியாக இருக்கும் ஒரு காலையில்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் மாடியில் வெறும் இஎஸ்பி32 மாட்யூல், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், சென்சாருக்குப் போகும் மின்சாரத்தைத் தூக்கத்தில் வெட்டிவிட ஸ்விட்சாக ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். கீழே டெவலப்மென்ட் போர்டு, 26-ஆம் பின்னில் ரிலே, அப்புறம் கான்டாக்டர். மாடியிலிருந்து பதினைந்து நிமிடம் செய்தி வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடும்படி எழுதியிருக்கிறேன். பழைய கை ஸ்விட்சையும் எடுக்கவில்லை, அம்மா அதைத்தான் நம்புகிறார். கீழ்ப் பெட்டிக்குள் ஓரமாக, அதே புரோகிராம் ஏற்றிய இன்னொரு போர்டை ஒரு கவரில் போட்டு, எந்தக் கம்பி எந்தப் பின் என்று எழுதிய தாளோடு ஒட்டி வைத்திருக்கிறேன்.